ஹங்கேரிய நாவலுக்குள் இசை வந்தால் எப்படி வாசிப்பது

ஹங்கேரிய எழுத்தாளர் லாஸ்லோ க்ராஸ்னஹோர்கைக்கு 2025-இல் இலக்கிய நோபல் கிடைத்த பிறகு, அவருடைய புத்தகத்தை ஆங்கிலத்தில் வாங்கிப் பாதியில் வைத்துவிட்ட நண்பர்கள் எனக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள். எங்கே நின்றீர்கள் என்று கேட்டால், "யாரோ ஒரு கிழவர் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக யோசிக்கிறார், அதோடு சரி" என்கிறார்கள். குறை சொல்ல மாட்டேன். நானும் முதல் தடவை அந்தப் பக்கங்களை ஒரே தாவாகத் தாவி, திமிங்கலம் எங்கே, கலவரம் எங்கே என்று ஓடியவன்தான். முடித்து ஒரு வாரம் கழித்துத்தான், தாவியது நாவலின் நடுத்தூணை என்று உறைத்தது.

இசையே தெரியாமல் இதுபோன்ற ஹங்கேரிய நாவல்களை வாசிக்கலாம். ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரிய வேண்டாம், பாக், வாக்னர் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் யார் என்று பாடம் படித்துவிட்டு வர வேண்டாம். ஒரே ஒரு பழக்கம் போதும். இசை வரும் இடத்தில் அது எவ்வளவு அழகு என்று பார்க்காதீர்கள், எங்கே பிசகுகிறது என்று பாருங்கள். ஹங்கேரிய நாவலாசிரியர்கள் இசையைக் கொண்டுவருவது பெரும்பாலும் அது கெட்டுப்போகும் தருணத்தில்தான். தப்பாக வாசிக்கிறார்கள், தப்பான ஆள் ரசிக்கிறான், சுருதி சேரவில்லை, பாட வேண்டியவர் ஊரைவிட்டே போய்விட்டார். அந்தப் பிசகில் கதை இருக்கும்.

பொருளடக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

நாம் வழக்கமாகப் புரட்டித் தள்ளும் பக்கம் அது. க்ராஸ்னஹோர்கையின் முதல் நாவல் 'சாத்தான்டாங்கோ' (1985). இரண்டு பாகம், பாகத்துக்கு ஆறு அத்தியாயம். முதல் பாகத்தில் எண்கள் ஒன்றிலிருந்து ஆறுக்கு ஏறுகின்றன, இரண்டாவதில் ஆறிலிருந்து ஒன்றுக்கு இறங்குகின்றன. ஆறடி முன்னே, ஆறடி பின்னே என்று போகும் டாங்கோ ஆட்டம். நமக்கு ஆரோகணம், அவரோகணம் என்று சொல்லத் தோன்றும், ஆனால் ராகத்தில் ஏறி இறங்கினால் கையில் ஏதோ ஒன்று மிஞ்சும், இங்கே கால் நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஆள் புறப்பட்ட இடத்தில்தான் நிற்கிறான். கதையும் அதுதான். இடிந்துபோன ஒரு பண்ணைக் குடியிருப்பில் மழைக்குள் மாட்டிக்கொண்ட சிலர், தங்களை மீட்க ஒருவன் வருகிறான் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும்போது மதுக்கடையில் அக்கார்டியன் வாசிப்புக்கு ஆடுகிறார்கள். அதே ஆட்டத்தை ஒரு சிறுமி வெளியே மழையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். உள்ளே இருப்பவர்களுக்கு அது கொண்டாட்டம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவளுக்கு அது வேறு ஏதோ. இந்த நாவலில் எந்தக் காட்சியை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தோம் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள், இறங்கும்போது உதவும்.

அவருடைய 2016 நாவல், பாரன் வெங்க்ஹைம் ஊர் திரும்பும் கதை, இன்னும் வெளிப்படையானது. பொருளடக்கத்தின் இடத்தில் ஒரு நடன நிரல் இருக்கிறது, முடிவில் 'டா காப்போ அல் ஃபினே' என்று இசைக்குறிப்பில் எழுதும் கட்டளை, அதாவது முதலுக்குப் போய் முடிவுக்குறி வரை மறுபடி வாசி. ஆரம்பத்தில் ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர் இசைக்கலைஞர்களைக் கூட்டி வைத்து மிரட்டுகிறார். யாருக்கும் சந்தோஷம் கிடைக்காது, ஆனால் ஒழுங்காக வாசித்தே ஆக வேண்டும் என்கிற தொனி. இதை முன்னுரை என்று நினைத்துத் தாண்டாதீர்கள். அந்த ஊரில் பின்னால் நடக்கும் எல்லாவற்றுக்கும் தாளம் அங்கேயே போட்டாகிவிட்டது.

பேத்தர் எஸ்தர்ஹாசியின் 'ஹார்மோனியா கேலெஸ்டிஸ்' (2000) தலைப்பே கடன் வாங்கியது. அவருடைய குடும்பத்து முன்னோர், இளவரசர் பால் எஸ்தர்ஹாசி 1711-இல் வெளியிட்ட 55 பக்திப் பாடல்களின் தொகுப்புக்கு அந்தப் பெயர், 'வானத்து இசைவு' என்று பொருள். இசையமைப்பாளர் ஹைடன் 1761 முதல் பல வருஷங்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்ததும் இதே குடும்பத்திடம்தான். நாவலின் முதல் பாகம் எண்ணிட்ட 371 துண்டுகள், எல்லாவற்றிலும் "என் அப்பா" வருகிறார், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், வேறு நூற்றாண்டு. ஒருவர் துருக்கியரோடு சண்டை போடுகிறார், இன்னொருவர் கம்யூனிச ஆட்சியில் சொத்தெல்லாம் பறிபோய் நிற்கிறார். ஒரே ஸ்வரத்தை நூறு வாத்தியத்தில் கேட்பது போல. இதில் யார் நிஜ அப்பா என்று தேடினால் தலை சுற்றும், தேடாதீர்கள், ஸ்வரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். (பாக்கின் நான்கு குரல் கோரல்கள் என்னும் தேவாலயப் பாடல்களின் புகழ்பெற்ற தொகுப்பிலும் 371 பாடல்கள். இதைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தற்செயலாகவே இருக்கலாம். எண்ணை வைத்துக் கோட்டை கட்டும் ஆசை இந்த வாசிப்பில் அடிக்கடி வரும், ஒரு சிரிப்போடு கடந்துவிடுங்கள்.) இந்தப் புத்தகத்தை முடித்த சமயத்தில்தான் எஸ்தர்ஹாசிக்குத் தன் அப்பா உளவுத்துறைக்கு ஒற்றராக இருந்தது தெரியவருகிறது. 2002-இல் 'திருத்திய பதிப்பு' என்ற பெயரில் இன்னொரு புத்தகம் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் 'வானத்து இசைவு' என்ற தலைப்பு நாக்கில் கசக்கும்.

சுருதி சேர்க்கும் கிழவர்

இப்போது நண்பர்கள் விட்டுவிட்டுப் போன இடத்துக்கு வரலாம். 'எதிர்ப்பின் துயரம்' என்று தலைப்பைத் தமிழாக்கலாம், 1989. ஓய்வுபெற்ற இசைப்பள்ளி இயக்குநர் எஸ்தர், உலகத்தின் மேல் வெறுப்பு வந்து படுக்கையை விட்டு எழாமல் கிடக்கிறார். வெறுப்புக்குக் காரணம் கணக்கு.

கணக்கு இதுதான். ச-விலிருந்து ப-வுக்கு ஏறுங்கள், அதிர்வு விகிதம் 3:2. அந்தப் ப-வையே ச-வாக வைத்து மறுபடி ஒரு ப. இப்படிப் பன்னிரண்டு தடவை ஏறினால் ஏழு ஸ்தாயி கடந்து திரும்ப ச-வில் வந்து நிற்க வேண்டும். நிற்காது. ஏழு ஸ்தாயி என்றால் 128 மடங்கு, பன்னிரண்டு பஞ்சமம் ஏறினால் 129.75 மடங்கு. அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ கால் பங்கு இடிக்கிறது. இயற்கையே அப்படித்தான் இருக்கிறது, யாரும் எதுவும் செய்ய முடியாது. பியானோவில் என்ன செய்தார்கள் என்றால், அந்தப் பிசகைப் பன்னிரண்டு இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுவிட்டார்கள். எல்லாக் கட்டையும் லேசாகத் தப்பு, எதுவும் காதை உறுத்தும் அளவுக்குத் தப்பில்லை.

இந்தச் சண்டை நமக்குப் புதிதில்லை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது நினைவிருக்கும். கமகம் வராது என்பது ஒரு குற்றச்சாட்டு, சமமாகப் பங்கிட்ட அதன் ஸ்வரங்கள் நம் சுருதிக்குப் பொருந்தாது என்பது இன்னொன்று. தம்புராவோடு வளர்ந்த காதுக்கு எஸ்தரின் எரிச்சல் சட்டென்று புரியும், சொல்லப்போனால் ஐரோப்பிய வாசகரைவிட நமக்குச் சீக்கிரம் புரியும்.

அவர் இந்தப் பங்கீட்டை ஒரு மோசடி என்று நினைக்கிறார், ஆண்ட்ரெயாஸ் வெர்க்மைஸ்டர் (1645–1706) என்ற ஜெர்மானியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார், தன் பியானோவைப் பழைய சுத்தமான இடைவெளிகளுக்கு மாற்றி அதில் பாக் வாசிக்கிறார். கேட்கச் சகிக்கவில்லை. அந்த இசை பங்கிட்ட சுருதிக்காக எழுதப்பட்டது, சுத்தம் செய்ததும் ஓலமாகிவிடுகிறது. கிழவர் விடாமல் தன் காதை அதற்குப் பழக்கப் பார்க்கிறார்.

இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, இசை வரலாறு தெரிந்த யாராவது "வெர்க்மைஸ்டர் முன்வைத்த முறைகளும் இன்றைய சமச் சுருதியும் ஒன்றில்லையே" என்று சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் பேசுவது நாவலாசிரியர் இல்லை, எஸ்தர். யாரையாவது குற்றம் சொன்னால்தான் அவரால் தூங்க முடியும். நாவலுக்குள் வரும் இசைத் தகவலைச் சரிபார்ப்பதைவிட, இதை நம்புவதால் இந்த ஆளுக்கு என்ன லாபம் என்று கேட்பது பலன் தரும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். கிழவர் வீட்டுக்குள் சுத்த ஸ்வரத்தைத் தேடிக்கொண்டிருக்கும் அதே நாட்களில், அவரைப் பிரிந்து வாழும் மனைவி ஊரில் ஒரு சுத்தம் இயக்கம் நடத்துகிறார். முற்றம் சுத்தமாக இருக்க வேண்டும், வீடு ஒழுங்காக இருக்க வேண்டும், அதற்குப் போட்டி, பரிசு. ஊருக்குள் ஒரு சர்க்கஸ் செத்த திமிங்கலத்தோடு வருகிறது, கலவரம் வெடிக்கிறது, அந்த அம்மாள் அதைப் படிக்கட்டாக்கி அதிகாரத்துக்கு ஏறிவிடுகிறார். சுத்த ஸ்வரம், சுத்தமான முற்றம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். பங்கு போட்ட பிசகோடு வாழ மறுக்கிறவர் ஒருவர் படுக்கையில், இன்னொருவர் தெருவில். இந்தச் சரடு கையில் கிடைத்துவிட்டால் சுருதிப் பக்கங்கள் கதையை நிறுத்தவில்லை என்று தெரிந்துவிடும். இந்த நாவலை வைத்து பேலா தார் 2000-இல் எடுத்த படம் தலைப்பிலேயே வெர்க்மைஸ்டர் பெயரைச் சுமக்கிறது. அதன் முடிவில் எஸ்தர் பியானோவை மறுபடி எல்லாப் பியானோக்களையும் போல மாற்றிவிட்டதாகச் சொல்லும்போது எனக்குத் தோல்வியா நிம்மதியா என்று இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை.

பெயர் சொல்லி ஓர் இசை வந்தால்

உடனே யூடியூபுக்கு ஓடாதீர்கள். அத்தியாயம் முடியட்டும். முதலில் அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பேத்தர் நாதாஷின் 'நினைவுகளின் புத்தகம்' (1986) கிழக்கு பெர்லினில் ஒரு ஆபரா, அதாவது இசை நாடகம், பார்க்கப் போகிறது. பேத்தோவனின் 'ஃபிதேலியோ'. அநியாயமாகச் சிறையில் கிடக்கும் கணவனை மீட்க மனைவி ஆண்வேஷம் போட்டுக்கொண்டு போகும் கதை. சுவர் கட்டி அடைத்த நகரத்தில், அரசாங்க அரங்கில், விடுதலையைப் பற்றிய ஆபரா. பார்ப்பவர்களோ ஆணா பெண்ணா, யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதே குழம்பிக் கிடக்கும் மூன்று பேர். மேடையில் நடப்பதையும் இருக்கையில் நடப்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தப் பக்கங்கள் திறக்கும். பாட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்து ஆகப்போவது கொஞ்சம்.

இம்ரே கெர்தேஸ் எழுதிய 'ஆங்கிலக் கொடி' (1991) சின்னப் புத்தகம். ஐம்பதுகளின் தொடக்கத்து புடாபெஸ்ட், எல்லோரும் பயந்து பொய் பேசும் காலம், அங்கே ஓர் இளம் பத்திரிகையாளர் வாக்னரின் 'வால்க்யூரே' ஆபராவைக் கேட்கிறார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து மீண்ட யூத எழுத்தாளர், யூதர்களை வெறுத்த வாக்னரைப் பற்றி எழுதுகிறார் என்றதும் நாம் எதிர்பார்ப்பது கண்டனம். வருவது வேறு. சுற்றிலும் எல்லாம் போலியாக இருக்கும்போது இந்த இசை அவருக்கு நிஜமாகப் படுகிறது.

அதற்கு நேர் எதிர்த்திசையில் க்ராஸ்னஹோர்கையின் 'ஹெர்ஷ்ட் 07769' (2021). ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதி, பாக் பிறந்த மண். சுவர்க் கிறுக்கலைத் துடைத்துக் கழுவும் தொழில் நடத்தும் ஒரு முதலாளி, நவநாஜி, பாக் என்றால் உயிர். ஊர்க்காரர்களை வைத்து ஓர் இசைக்குழு நடத்துகிறான், ஒத்திகையில் பாக் அவர்கள் கைக்கு அடங்குவதில்லை, இவன் பல்லைக் கடிக்கிறான். பாக் அவனுக்கு இசை மட்டும் இல்லை, 'எங்களுடையது' என்று நட்டு வைத்த கொடி. அவனிடம் வேலை பார்க்கும் அப்பாவி இளைஞன் ஃப்ளோரியனும் மெதுவாகப் பாக்குக்குள் போகிறான். அதே இசைதான், இருவரையும் ஒரே இடத்துக்குக் கொண்டு போகவில்லை. நல்ல இசை நல்ல மனிதனை உண்டாக்கும் என்று நம்புகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும், கொஞ்சம் உடம்புக்கு ஆகாது.

அத்திலா பார்திஷின் 'அமைதி' (2001) நாவலில் இசை வாசிக்கவே படுவதில்லை என்று சொல்லலாம். மகள் வயலின் கலைஞர், மேற்கு நாட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அதனால் நடிகையான அம்மாவின் மேடை வாழ்க்கை முடிகிறது. அம்மா மகளுடைய பொருட்களைச் சவப்பெட்டியில் வைத்து உயிரோடு இருப்பவளுக்குச் சவ அடக்கம் செய்துவிட்டு, வருஷக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. கேட்காத வயலின்தான் அந்த வீட்டில் உரக்கக் கேட்கிறது.

நாட்டுப் பாட்டு என்று வந்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

ஹங்கேரியில் இரண்டு வகை இருக்கிறது, மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிடும். உணவு விடுதியில் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று வயலின்காரர் உருகி வாசிப்பது 'மக்யர் நோட்டா'. பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் இன்னார் என்று பெயர் தெரிந்தவர்கள் எழுதிய பாட்டு, ரோமா (ஜிப்சி) இசைக்குழுக்கள் பரப்பியது. கிராமத்து விவசாயிகள் பாடிவந்தது 'நேப்தல்', அது வேறு. இசையமைப்பாளர்கள் பேலா பார்தோக்கும் ஸோல்தான் கோதாயும் 1905, 1906 வாக்கில் ஃபோனோகிராஃப் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தது இரண்டாவதை. நாவலில் ஒரு பாத்திரம் முதலாவதைக் கேட்டு அழுதால் பெரும்பாலும் அவன் குடித்திருக்கிறான், ஆசிரியர் அவனைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார். ஹங்கேரியன் அழுதுகொண்டே கொண்டாடுவான் என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்வார்கள்.

இரண்டாவது வகைக்கும் ஒரு கண்ணி உண்டு. பார்தோக்கின் 'கந்தாத்தா ப்ரொஃபானா' (1930) என்ற படைப்பில் ஒன்பது மகன்கள் மான்களாகி விடுகிறார்கள், அப்பா அழைத்தும் வீடு திரும்புவதில்லை, இனிமேல் தெளிந்த ஊற்றில் மட்டுமே குடிப்போம் என்கிறார்கள். 'தூய ஊற்றிலிருந்து மட்டும்' என்பது பிறகு அங்கே ஒரு முழக்கமாகவே ஆகிவிட்டது, எழுத்திலும் பேச்சிலும் எதிரொலிக்கும். எதிரொலி கேட்டால் ஒரு விஷயம் நினைவில் வையுங்கள். அந்தப் பாட்டுக்கு மூலம் ருமேனியக் கிராமப் பாடல்கள், பார்தோக்கே டிரான்சில்வேனியாவில் சேகரித்தவை. இசையில் இனத் தூய்மை என்ற பேச்சை மறுத்து, கலப்புதான் நாட்டுப்பாடலை வளர்த்தது என்று 1942-இல் கட்டுரை எழுதியவரும் அவர்தான். பாருங்கள், மறுபடியும் சுத்தம்.

வாக்கியமே இசையாக இருந்தால்

இதில்தான் விமர்சகர்கள் அளந்துவிடுவார்கள். எந்த நீளமான வாக்கியத்தைப் பார்த்தாலும் ஃபியூக், அதாவது ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பாடும் இசைவடிவம், என்பார்கள். ஆசிரியரே சொல்லியிருந்தால் ஒழிய நம்பாதீர்கள். கெர்தேஸ் சொல்லியிருக்கிறார். தன் முதல் நாவலான 'விதியின்மை'யை (1975) இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் பன்னிரு ஸ்வர முறையோடு ஒப்பிட்டு நாட்குறிப்பில் எழுதினார். அந்த முறையில் எந்த ஸ்வரத்துக்கும் ச-வின் அந்தஸ்து கிடையாது, எல்லாம் சமம். நாவலில் நாஜி வதைமுகாமுக்குள் போகும் பதினான்கு வயதுப் பையன் சூப்பையும், சூரியாஸ்தமனத்தையும், புகைபோக்கியையும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போகிறான், எதற்கும் குரல் உயர்த்துவதில்லை. "இயற்கையாகவே" என்ற சொல்லை அவன் எங்கெல்லாம் போடுகிறான் என்று வட்டமிட்டுக்கொண்டே வாருங்கள், ஐம்பது பக்கத்தில் வயிற்றைப் பிசையும். இப்படி எழுதிய மனிதர் பிழைப்புக்கு எழுதியது இசை நகைச்சுவை நாடகங்கள் என்பது தனிக்கதை.

எஸ்தர்ஹாசியின் 'ஹ்ரபால் புத்தகம்' (1990) வேறு தினுசு. கடவுளுக்கு சாக்ஸஃபோன் கற்றுக்கொள்ள ஆசை வருகிறது, ஜாஸ் மேதை சார்லி பார்க்கரிடமே பாடம், ஆனால் கடவுளுக்கு இசைக் காது இல்லை. அதற்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை, சிரித்துவிட்டு அப்புறம் ஏன் சிரிப்பு நின்றது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நீளமான வாக்கியத்துக்கு ஒரு கைவைத்தியம். 'ஹெர்ஷ்ட்' நாவல் முழுக்க ஒரே வாக்கியம். வாய்விட்டுப் படியுங்கள், கால் மணி நேரம், நிறுத்தாமல். ஹங்கேரிய மொழியில் எல்லாச் சொல்லுக்கும் முதல் அசையில்தான் அழுத்தம், அந்தத் தாளம் ஜார்ஜ் சிர்டெஷ், ஒட்டிலி மல்செட் போன்ற கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர்கள் கையிலும் ஆங்கிலத்துக்கு முழுசாக வராது. ஆனால் ஓட்டம் வந்திருக்கிறது. போய், பார்த்து, நின்று, திரும்பி என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் மொழியில் பிறந்த நமக்கு முற்றுப்புள்ளி தள்ளிப்போவது பெரிய அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. பக்க முடிவில் நிறுத்தாதீர்கள், புதுசாக ஓர் ஆள் பெயர் வரும் இடத்தில் நிறுத்துங்கள். மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் பார்த்தால் பெரும்பாலும் அந்தக் கோடுகள் பாத்திரம் பயந்த இடங்களில் விழுந்திருக்கும்.

எந்த வரிசையில் என்று கேட்டால், முதலில் 'ஆங்கிலக் கொடி', ஒரு மாலையில் முடியும். அடுத்து சுருதிக் கிழவர். எஸ்தர்ஹாசி பொறுமை இருக்கும்போது. 'சாத்தான்டாங்கோ'வைக் கடைசிக்கு வையுங்கள். அது ஒரு அக்டோபர் காலையில் மணிச்சத்தத்தோடு தொடங்குகிறது. ஃபுதாகி என்பவர் விழித்துக்கொள்கிறார், பக்கத்தில் இருக்கும் ஒரே தேவாலயம் இடிந்தது, அதில் மணியே இல்லை, ஊர் வெகுதூரம். பின்னே எங்கிருந்து சத்தம்? கடைசி அத்தியாயத்தில் ஒரு டாக்டர் அந்தத் தேவாலயத்துக்கு நடந்து போய், துருக்கியர் வருகிறார்கள் என்று கத்திக்கொண்டு மணியடிக்கும் ஒரு பைத்தியக்காரக் கிழவரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டு எழுத உட்காருகிறார். எழுதுவது நாவலின் முதல் வரிகளை. அங்கே வந்ததும் புத்தகத்தை மூடாமல் முதல் ஐந்தாறு பக்கத்தை மறுபடி படியுங்கள். ஃபுதாகி அதே படுக்கையில் அதே மணியைக் கேட்பார், யார் அடிப்பது என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.